மார்ச்செல்லோ மால்பீகி

விலங்குநூல் பயில்வோர் ஒரு பெயரை இரண்டு இடங்களில் எதிர்ப்படுவர். கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் வைத்து அறுத்துப் பார்க்குங்கால், அதன் நடுக்குடலும் பின்குடலும் கூடுமிடத்தில் மஞ்சள் நிறமுள்ள மெல்லிய இழைகள் பல தொங்கக் காணலாம். அவற்றிற்கு மால்பீகியின் குழல்கள் என்று பெயர். பின்னர் முயல் முதலிய பாலூட்டிகளின் சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்குங்கால், அதன் புறப்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுருள்களைத் தம்முள் அடக்கிய சிற்றுருண்டைகள் எண்ணிறந்தன உள என்றும், அவை மால்பீகியின் உருண்டைகள் எனப்படும் என்றும் அறிகின்றோம். நாம் மாணவராயிருந்த காலத்தில் இவ்விரண்டையும் தனித்தனியே மனப்பாடஞ் செய்தோமேயன்றி, அப்பெயருடையார் யாவர் என்று வினவியதில்லை. தேர்வுக்கு அது வேண்டப்படவுமில்லை. நெடுங்காலங் கழித்து அவருடைய சரித்திரத்தைப் படித்தறிந்தபோது, பூச்சியின் இழைக்கும் மனிதனுடைய சிறுநீரகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய வழக்கொன்றே அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது என்று கண்டோம். நம் பாடநூல்கள் சில அவரை மால்பிஜி என்று எழுதும். அவர் நாட்டார் மால்பீகி என்றே ஒலிப்பராதலின் நாமும் அவ்வாறே எழுதுகின்றோம்.

இத்தாலி தேசத்தில் பொலோன்யா என்னும் பழைய நகரத்தை அடுத்த கிரெவல்கோரெ என்ற ஊரில், 1628-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் மார்ச்செல்லோ மால்பீகி பிறந்தார். அதே ஆண்டிலேதான் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய வில்லியம் ஹார்வி, இரத்தம் இருதயத்தினின்று புறப்பட்டு உடலெங்கும் சுற்றி மீண்டும் இருதயத்தை அடைகின்றது என்று நிறுவிய நூலை வெளியிட்டார். அந்நூலில் ஹார்வி நிரப்பாது விட்ட ஓரிடத்தைப் பிற்காலத்தில் நிரப்பும் பேறு இக்குழந்தைக்கு வாய்த்தது.

மால்பீகியின் பெற்றோர் சொந்த நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்தவர்கள். மூத்த மகனாகிய அவர் 1646-ஆம் ஆண்டு பொலோன்யா சர்வகலாசாலையிற் சேர்ந்தார். மூன்றாண்டுகள் கழியுமுன்னரே, 1649-ல், தந்தை, தாய், தந்தையைப் பெற்ற பாட்டி ஆகிய மூவரும் இறந்தனர். தம்பி தங்கையரைப் பாதுகாக்கும் பொருட்டு அவர் படிப்பைச் சில காலம் நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே குடும்ப நிலத்தின் எல்லையைக் குறித்து அயல் நிலத்தாராகிய ஸ்பராலியா குடும்பத்தாரோடு பழைய தகராறு ஒன்று இருந்தது. வரப்புத் தகராறு எந்நாட்டிலும் ஒன்றுபோலும்! இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

மீண்டும் நகரம் சென்ற மால்பீகி 1653-ல் வைத்தியத்திலும் தத்துவத்திலும் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியருள் ஒருவராகிய பார்த்தொலொமேயோ மஸ்ஸாரி என்பார், தேர்ந்த மாணவர் சிலரைத் தம் வீட்டிற் கூட்டி, விலங்குகளையும் பிணங்களையும் அறுத்து ஆராய்வதை வழக்கமாகக் கொண்டவர். ஏட்டிற் கூறியதை ஒப்பிப்பதே கல்வி என்றிருந்த அக்காலத்தில், கண்ணாற் கண்டு துணிதல் என்னும் பழக்கம் மால்பீகிக்கு அவ்வீட்டில் ஏற்பட்டது. மஸ்ஸாரியின் தங்கை பிரான்செஸ்காவை அவர் 1654-ல் மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

1656-ல் தஸ்கனி நாட்டுப் பெருங்கோமான் அவரைப் பீஸா நகரத்துச் சர்வகலாசாலைக்கு அழைத்தார். அங்கே பொரெல்லி என்னும் கணித நிபுணரோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. உயிருள்ள உடலும் ஒரு யந்திரமே, அதன் சிற்றுறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தால் அதன் தொழிலும் விளங்கும் என்பது பொரெல்லியின் கொள்கை. மால்பீகி அதனை ஏற்றுக்கொண்டார். பீஸாவின் தட்பவெப்பம் உடலுக்கு ஒவ்வாமையாற் 1659-ல் பொலோன்யாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டில் வரப்புத் தகராறு இரத்தஞ் சிந்தும் அளவுக்கு முற்றியது. மால்பீகியின் தம்பி ஸ்பராலியா குடும்பத்து இளைஞன் ஒருவனைக் கொன்றுவிட்டான். கொலையுண்டவனுடைய தம்பி ஜோவான்னி ஜிரோலாமோ ஸ்பராலியா என்பவர் பின்னர் அதே சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராக வந்தார்.

ஹார்வி இரத்த ஓட்டத்தை நிறுவினாரேனும், நாடிகளின் நுனியினின்று இரத்தம் சிரைகளின் தொடக்கத்தை எவ்வாறு அடைகின்றது என்பதைக் கண்ணாற் கண்டாரில்லை. மால்பீகி தவளையின் நுரையீரலை உலர்த்தி ஒளிக்கெதிரே பிடித்துப் பூதக்கண்ணாடி வழியே நோக்கினார். நாடியையும் சிரையையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய குழாய்கள் வலைபோற் படர்ந்திருந்தன. 1661-ல் பொரெல்லிக்கு எழுதிய இரண்டு கடிதங்களாக இச்செய்தி வெளிவந்தது. இந்த ஆராய்ச்சிக்காகத் தவளைக் குலத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதாக அவர் வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். மனித நுரையீரலில் இக்குழாய்கள் அக்காலக் கண்ணாடிக்கு எளிதிற் புலப்படா. தவளையிடம் அவை தெளிவாக இருந்தன. பெரிய விலங்கில் மறைந்திருப்பதைச் சிறிய விலங்கிடம் கேட்டறிதல் என்னும் முறையை அவர் அன்றுமுதல் விடவில்லை.

1662 முதல் நான்காண்டுகள் சிசிலித் தீவின் மெஸ்ஸீனா நகரத்திற் கழிந்தன. 1666-ல் உள்ளுறுப்புக்களின் அமைப்பைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் சிறுநீரகத்தைக் கூறும் பகுதி நாம் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. சிறுநீரகம் ஒருவகை இறுகிய தசையே என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. மால்பீகி அதன் நாடி வழியே, சாராயத்திற் கரைத்த கருநிற மையைச் செலுத்தினார். பின்னர் அதனைப் பிளந்து நோக்கியபோது, நாடியின் கிளைகளில் ஆப்பிள் பழங்கள் தொங்குதல்போலக் கருநிறச் சிற்றுருண்டைகள் எங்கும் தொங்குவதைக் கண்டார். அருகே சிறுநீரைக் கொண்டுசெல்லும் நுண்குழல்கள் இருந்தன. உருண்டையிற் பிரியும் நீரே அக்குழல் வழியே வழிகின்றது என்று அவர் அனுமானித்தார். அதனைக் கண்ணாற் காண எவ்வளவோ முயன்றார். நாயின் சிரையையும் சிறுநீர்க் குழாயையும் கட்டிப் பார்த்தார். ஆயினும் மை உருண்டையினின்று குழலுக்குள் இறங்கவில்லை. தாம் கண்டதை இன்னது என்றும், கருதியதை இன்னது என்றும் வேறுபிரித்தே அவர் எழுதினார். இரத்தத்தினின்று உப்பும் நீரும் எவ்வாறு பிரிகின்றன என்ற வினா அங்கேயே நின்றது.

1667-ஆம் ஆண்டின் முடிவில், இலண்டன் இராயல் சங்கத்தின் காரியதரிசியாகிய ஓல்டன்பர்க் என்பவர் மால்பீகிக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டுப்புழு முதலியவற்றைப் பற்றி அவர் அறிந்தவற்றைச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பட்டு வளர்ப்பு அக்காலத்து இத்தாலிக்குப் பெருஞ் செல்வந் தந்த தொழில். எனினும் அப்புழுவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. இரத்தமற்ற சிற்றுயிர்களுக்கு உள்ளுறுப்புக்கள் இல்லை அல்லது மிகச் சிலவே என்பது பண்டைக்காலந்தொட்டு வந்த எண்ணம்.

மால்பீகி அடுத்த ஆண்டு முழுவதும் புழுவும் கையுமாக இருந்தார். முட்டை, புழு, கூடு, அந்து என்னும் ஒவ்வொரு பருவத்திலும் அறுத்துப் பார்த்தார். இருதயம் முதுகின் நெடுகிலும் ஓடுவதையும், நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் முடிச்சு முடிச்சாக நீள்வதையும், பட்டு நூலுக்குரிய சுரப்பிகளையும் கண்டார். நுரையீரல் இல்லாமையால் உடலின் இருபுறத்துமுள்ள துளைகள் வழியே காற்று நேரே உள்ளே செல்கின்றது என்று கண்டு, அத்துளைகளை எண்ணெயால் அடைத்தபோது புழு விரைவில் மாண்டது. குடலையொட்டிச் சுருண்டு வளைந்து கிடந்த சில மெல்லிய குழல்களையும் அவர் வரைந்து வைத்தார். அவற்றின் தொழில் இன்னதென்று அவரால் துணிய இயலவில்லை. இவ்வேலையால் அவருக்குக் காய்ச்சலும் கண்ணழற்சியும் உண்டாயின. ஆயினும் நூல் முடிவுபெற்று, 1669-ல் இராயல் சங்கத்தாரால் இலண்டனில் அச்சிடப்பட்டது. அச்சங்கம் அவரைத் தன் அங்கத்தினராகவும் ஏற்றுக்கொண்டது. முதுகெலும்பற்ற ஓர் உயிரின் உடற்கூற்றை முழுவதும் கூறும் நூல்களுள் இதுவே முதன்மையானது.

கோழிக் குஞ்சு முட்டையுள் வளரும் விதத்தையும், செடிகொடிகளின் உள்ளமைப்பையும் பற்றி அவர் பின்னர் எழுதிய நூல்களும் புகழ்பெற்றவை. அவற்றை ஈண்டு விரித்தால் இடம் போதாது.

வெளிநாட்டிற் புகழ் ஓங்க ஓங்க உள்ளூரிற் பகை வளர்ந்தது. 1684-ல் அவருடைய வீடு தீக்கிரையாகி, பூதக்கண்ணாடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. 1689-ல் ஸ்பராலியா ஒரு சிறு நூலை வெளியிட்டார். பூதக்கண்ணாடியைக் கொண்டு உறுப்புக்களின் நுண்ணமைப்பை ஆராய்வதாலும், பூச்சிகளையும் செடிகளையும் அறுத்துப் பார்ப்பதாலும் நோயாளிக்கு எள்ளளவும் நன்மையில்லை என்பது அந்நூலின் வாதம். உருண்டையைக் கண்டறிந்ததனால் எந்தச் சிறுநீரகம் குணப்பட்டது? பட்டுப்புழுவின் குடலை வரைந்ததனால் எந்தக் காய்ச்சல் தணிந்தது? வைத்தியன் நோயாளியின் கட்டிலருகே நின்று, எந்த மருந்து எந்நோயைத் தீர்க்கின்றது என்று பார்த்தலே போதும் என்பது அவர் கருத்து.

வரப்புப் பகையும் தமையனின் கொலையும் அந்தப் பேனாவைத் தூண்டியிருக்கக்கூடும். எனினும் அவ்வாதம் வெறும் வன்மம் என்று நாம் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அந்நாளில் அதற்கு விடை சொல்லுதல் எளிதன்று. மால்பீகியே பல ஆண்டுகளாகச் சிறுநீரகக் கல்லால் வருந்தி வந்தார். உலகிற் சிறுநீரகத்தின் நுண்ணமைப்பை அவரினும் நன்கறிந்தவர் அன்று ஒருவருமில்லை. அவ்வறிவு அவருடைய வலியை ஒருநாளேனும் குறைத்ததில்லை.

மால்பீகி நீண்டதொரு மறுமொழி எழுதினார். அதனைத் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. மேல்நிலை விலங்குகளின் உடல் திரைபோட்டு மூடியதுபோல இருளிற் கிடக்கின்றது; எளிய உயிர்களில் இயற்கை அதே கருவிகளைத் திறந்து வைத்திருக்கின்றது; ஆகவே பூச்சியினின்று தொடங்கிப் படிப்படியாக மேலேறுவதே வழி என்பது அவருடைய கொள்கையின் சாரம். 1691-ல் பன்னிரண்டாம் இன்னொசென்ட் என்னும் போப்பாண்டவர் அவரை உரோமைக்கு அழைத்துத் தம் வைத்தியராக அமர்த்திக்கொண்டார். 1694-ல் பிரான்செஸ்கா இறந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மால்பீகியும் மூளையில் இரத்தங் கசிந்து காலமானார். உடலை அறுத்துப் பரிசோதித்த பாலிவி என்னும் வைத்தியர், சிறுநீரகங்களுள் ஒன்று மற்றதைவிடச் சிறுத்திருக்கக் கண்டார். உடல் பொலோன்யாவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சான் கிரெகோரியோ தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. ஸ்பராலியாவுக்கு எழுதிய மறுமொழி 1697-ல் இலண்டனில் அச்சேறியது.

வழக்கு இவ்வளவோடு முடிந்திருந்தால் வெற்றி ஸ்பராலியாவுக்கே என்று கூற வேண்டியிருக்கும். அது தீர்ப்பாவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1842-ல் இங்கிலாந்தில் போமன் என்பவர், மால்பீகியின் உருண்டையை மூடிய உறையே நீண்டு சிறுநீர்க் குழலாகின்றது என்று காட்டினார். இரத்தத்தின் அழுத்தத்தால் உருண்டையில் நீர் வடிகட்டப்படுகின்றது என்பது பின்னர் உறுதியாயிற்று. மனிதனுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இவ்வாறு வடிக்கின்றன. வெளியேறும் சிறுநீரோ ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே. எஞ்சியது உப்போடு மீண்டும் இரத்தத்தை அடைகின்றது. ஆகவே உருண்டையினும் பெரிய வேலை குழலினுடையது என்று தெரிந்தது.

அவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது? உப்பு நீரிற் கரையும்போது சோடியம், பொட்டாசியம், குளோரைடு முதலிய மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிகின்றது. இவற்றை அயனிகள் என்பர். உயிரணுவைச் சூழ்ந்த சவ்வோ கொழுப்பால் ஆகியது. அயனி தானாக அதனை ஊடுருவ இயலாது. எனவே சவ்வின் ஊடே புரதத்தாலாகிய வாயில்கள் அமைந்துள்ளன. சில வாயில்கள் திறந்தால் அயனி தானே பாயும். சில புரதங்கள் இரண்டு மூன்று அயனிகளைச் சேர்த்தே கடத்தும். சில, உணவினாற் பெற்ற சக்தியைச் செலவிட்டு அயனியை இறைக்கும். இறைக்கும் புரதங்களுள் தலைமையானதாகிய சோடிய இறைப்பானை 1957-ல் தென்மார்க்கு தேசத்து ஸ்கௌ என்பவர் நண்டின் கால் நரம்பில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அதற்காக 1997-ல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. மனித உடலெங்கும் தொழிற்படும் ஒரு கருவி நண்டினிடத்து அறியப்பட்டதைக் கேட்டிருந்தால் மால்பீகி வியந்திரார்.

பூச்சியின் குழல்களோ வேறு புதிராயின. அவற்றில் யூரிக் அமிலம் இருப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே காணப்பட்டமையால், அவை கழிவு நீக்கும் உறுப்புக்கள் என்பது விளங்கிற்று. ஆனால் பூச்சிக்கு மூடிய இரத்தக் குழாய்கள் இல்லை. வடிகட்டுதற்கு வேண்டிய அழுத்தமும் இல்லை. அழுத்தமின்றி நீர் எவ்வாறு குழலுள் நுழையும்? கேம்பிரிட்ஜ் நகரத்து ராம்சே என்பவர் 1950-களில், குச்சிப்பூச்சியின் ஒரு குழலைத் தனியே எடுத்து, அதன் இரத்தத் துளியொன்றில் வைத்து, எண்ணெயால் மூடி நோக்கினார். குழலின் நுனியில் சிறுநீர் துளித்துளியாகத் திரண்டது. அதிற் பொட்டாசியம் இரத்தத்தில் உள்ளதைவிட மிகுந்திருந்தது. உப்பை முன்னே இறைத்தால் நீர் தானே பின்தொடர்கின்றது என்பது கருத்து. ரோட்னியஸ் என்னும் இரத்தமுறிஞ்சும் பூச்சி வயிறார உண்டவுடன், அதன் குழல்கள் சுரக்கும் நீர் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெருகுகின்றது.

பொட்டாசியத்தை இறைப்பது எது? இதற்கு விடை ஒருவகைப் பட்டுப்புழுவினிடமே தொடங்கியது என்பது நமக்குப் பெரிதும் உவப்பளிக்கின்றது. 1964-ல் நெதர்கார்ட் என்பவரும் ஹார்வி என்பவரும் (இரத்த ஓட்டங் கண்டவருக்கும் இவருக்கும் பெயர் ஒன்றே) அமெரிக்க நாட்டுச் செக்ரோப்பியப் பட்டுப்புழுவின் நடுக்குடல், சோடியத்தின் துணையின்றியே பொட்டாசியத்தை இறைப்பதைக் கண்டனர். தழையுண்ணும் புழுவின் உணவிற் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. ஆகையால் ஸ்கௌ கண்ட இறைப்பான் அங்கு உதவாது. 1989-க்குப் பின், வீச்சோரெக் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் புகையிலைப் புழுவின் நடுக்குடலை ஆராய்ந்து முடிச்சை அவிழ்த்தனர். அங்குள்ள இறைப்பான் பொட்டாசியத்தைத் தொடுவதேயில்லை. அது ஹைட்ரஜன் அயனியையே வெளித்தள்ளுகின்றது. தள்ளப்பட்ட ஹைட்ரஜன் திரும்பி உள்ளே வருங்கால், பண்டமாற்றுப்போல மற்றொரு புரதத்தின் வழியே பொட்டாசியம் வெளிச்செல்கின்றது. மால்பீகியின் குழல்களிலும் இதே இறைப்பானே சுரப்பை இயக்குகின்றது.

அதே இறைப்பான் மனிதச் சிறுநீரகக் குழல்களின் இறுதிப் பகுதியிலும் இருக்கின்றது. இரத்தத்தின் மிகையான அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுவது அங்கே அதன் தொழில். அதன் ஒரு பகுதியை அமைக்கும் மரபணு பழுதுபட்டால், பிறந்த குழந்தையின் இரத்தத்தில் அமிலம் தங்கி, வளர்ச்சி குன்றி, சிறுநீரகத்திற் சுண்ணம் படிந்து, பெரும்பாலும் காதும் கேளாமற் போகின்றது என்று 1999-ல் கண்டறிந்தனர். காரணம் ஐயமற விளங்கியதால், அமிலத்தை மாற்றும் எளிய காரவுப்புக்களை நாள்தோறும் கொடுத்துக் குழந்தையை வளர்த்தெடுக்க இயலுகின்றது. செவிப்புலனை மட்டும் அம்மருந்து காப்பதில்லை.

இன்னுமொன்று. சோடியம் ஒன்று, பொட்டாசியம் ஒன்று, குளோரைடு இரண்டு ஆக நான்கையும் ஒருங்கே கடத்தும் புரதம் ஒன்றுண்டு. பாலூட்டியின் சிறுநீரகத்தில் அது சிறுநீர் ஓடும் பக்கத்தில் அமர்ந்து உப்பை உடலுக்கு மீட்கின்றது. பூச்சியின் குழலிலோ அவ்வினத்துப் புரதம் இரத்தத்தின் பக்கத்தில் அமர்ந்து உப்பை வெளியேற்றத் துணை செய்கின்றது. கருவி ஒன்று, பொருத்திய சுவர் வேறு, விளைவு நேர்மாறு. உடலில் நீர் கோத்து வீங்கியவர்க்கு வைத்தியர் 1960-கள் முதல் கொடுத்துவரும் பியூரோசிமைடு என்னும் மருந்து, பாலூட்டியிடத்து இப்புரதத்தை அடைத்தே சிறுநீரைப் பெருக்குகின்றது. கொசுவின் குழலில் உள்ள பொட்டாசிய வாயிலை மட்டும் அடைத்து, மனிதனுடையதைத் தொடாத பொருள்களைக் கொண்டு கொசுவை ஒழிக்கலாமா என்றும் 2013 முதல் ஆராய்ந்து வருகின்றனர். ஒற்றுமையேயன்றி வேற்றுமையும் பயன்படுதற்கு இது சான்று.

மால்பீகியை வருத்திய கல்லின் ஆராய்ச்சிக்கும் அவர் பெயர் தாங்கிய குழலே இப்போது துணைசெய்கின்றது. பழ ஈக்கு ஆக்சலேட் என்னும் உப்பைக் கலந்த உணவைக் கொடுத்தால், சில நாட்களில் அதன் குழல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் தோன்றுகின்றன. மனிதனுடைய சிறுநீரகக் கல்லிற் பெரும்பான்மையும் இப்பொருளே. ஈயின் குழல் கண்ணாடிபோலத் தெளிந்திருத்தலின், அயனியையும் ஆக்சலேட்டையும் கடத்தும் புரதங்களுள் ஒன்றைக் குறைத்தால் படிகம் பெருகுகின்றதா சிறுக்கின்றதா என்று ஆராய்வோர் உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் நேரே பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.